காலில் பட்டை கட்டி ஜாமீனா? விசாரணைக் கைதிகளின் மின்னணுக் கண்காணிப்புக்கு விதி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கோர்ட் வாசலில் கொஞ்ச நாள் நின்றவர்களுக்குக் 'கண்டிஷன் கையெழுத்து' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. "மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்." நம்மூர் ஜாமீன் உத்தரவுகளில் சலிக்கச் சலிக்கப் பார்க்கிற வரி இது. சில வருடங்களுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவருக்கு இந்த நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. கொத்தனார். எட்டரைக்குச் சாரத்தில் ஏறினால்தான் அன்றைய கூலி. இவர் 10.30-க்கு ஸ்டேஷனுக்குப் போவார். ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், கையெழுத்து நோட்டு அவருடைய பீரோவுக்குள் பூட்டியிருக்கும். கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போட்டு உத்தரவு வாங்குவதற்குள் ஒரு மாதக் கூலி போய்விட்டது. அவர்தான் ஒருநாள் கேட்டார்: "சார், நான் எங்க இருக்கேன்னு போன்லயே பாத்துக்கலாம்ல? எதுக்கு தினமும் வரச் சொல்றாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் "சரி, பார்க்கலாமே" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. பத்தரை மணிக் கையெழுத்து ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்கிறது. காலில் மாட்டும் ஜிபிஎஸ் பட்டை இருபத்து நாலு மணி நேரத்தையும் கேட்கும்.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் பட்டை வந்துவிட்டது, பரிந்துரை அறிக்கைகளும் வந்துவிட்டன. நாளை ஒரு மாநிலம் வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்டால் கையில் ஒரு குறிப்பு இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விதி வரைபவர், வழக்கறிஞர் சங்கம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர், ஜாமீனுக்கு அலையும் குடும்பம், யார் கையிலும் இருக்கலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டை சிறைக்குப் பதிலாக வரலாம். எப்படியும் கிடைத்திருக்க வேண்டிய ஜாமீனின் மேல் இன்னொரு சுமையாக வரக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதற்குக் காவல் போடும் வேலைதான்.

தொடங்கும் முன்: இப்போது எங்கே நிற்கிறோம்

2022-ஆம் ஆண்டு முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். பட்டையைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள்.

2017 மே மாதம் சட்ட ஆணையம் ஜாமீன் பற்றிய தன் 268-வது அறிக்கையில் மின்னணுக் கண்காணிப்பைத் தொட்டது. கொடிய குற்றம், அதுவும் அதே மாதிரிக் குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் மட்டும் யோசிக்கலாம் என்று சொன்னது. 2023-இல் உள்துறை அமைச்சகம் தயாரித்த மாதிரிச் சிறைச் சட்டம், சிறை விடுப்பில் போகிறவர் கண்காணிப்புக் கருவி அணிய ஒப்புக்கொண்டால் விடுப்புத் தரலாம் என்றது. அது சிறை விடுப்புக்கு எழுதியது, ஜாமீனுக்கு அல்ல. இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய. அதே ஆண்டு நவம்பரில் ஜம்முவில் தேசியப் புலனாய்வு முகமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, ஜாமீனில் போன ஒருவரின் கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டப்பட்டது. நாட்டிலேயே முதல்முறை என்று செய்தி வந்தது.

அப்புறம் 2024 ஜூலை 8. ஃபிராங்க் வைடஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போதைப் பொருள் வழக்கில் 2014-இல் கைதான நைஜீரியக்காரர் அவர். டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைக் குறித்துப் புலன் விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. உச்ச நீதிமன்றம் கூகுள் நிறுவனத்திடமே விளக்கம் கேட்டது. அப்படிக் குறி வைப்பதால் ஆளை நேரலையில் பின்தொடர முடியாது என்று பதில் வந்தது. எதற்கும் உதவாத நிபந்தனை என்று நீக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நீதிபதிகள் அபய் எஸ். ஓகாவும் உஜ்ஜல் புயானும் அதற்கு மேலே போனார்கள். எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டும் குற்றம் சாட்டப்பட்டவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை தொடர வழிசெய்யும் நிபந்தனை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றார்கள்.

அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு, திட்டமிடல் மையம் வெளியிட்ட சிறைகள் பற்றிய அறிக்கை மின்னணுக் கண்காணிப்பைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்கிறது. ஆகவே கதவு முழுக்கச் சாத்தவில்லை, முழுக்கத் திறக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் விதி எழுத வேண்டும்.

படி 1: சட்டத்தில் கால் ஊன்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

காவல்துறைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை, நாலு கம்பெனிகளிடம் டெண்டர், நூறு பட்டை. நடைமுறையில் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதை முதலிலேயே தடுக்க வேண்டும்.

2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கத்தில் கை வைக்க அரசுக்கு மூன்று சோதனைகளை வைத்தது. ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு அளவாக இருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறையைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தைப் புரட்டினால் 'மின்னணுக் கண்காணிப்பு' என்று ஜாமீன் அத்தியாயத்தில் எங்கும் இல்லை. 480-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் 'நீதியின் நலன் கருதித் தேவையெனத் தோன்றும் பிற நிபந்தனைகள்' என்று ஒரு வால் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பட்டை மாட்டலாம் என்று அரசு வழக்கறிஞர் வாதிடுவார். ஆனால் 'எந்த நிபந்தனையும்' என்று சட்டம் சொன்னாலும் அது நியாயமான நிபந்தனையைத்தான் குறிக்கும் என்று 2013-இலேயே சுமித் மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடம்பில் கருவி மாட்டும் அதிகாரத்தை ஒரு வாலில் தொங்கவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

மாநில அரசு தானே செய்ய முடியுமா? குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். சட்டத்தில் அடிப்படையைப் போட்டுவிட்டு, படிவங்களையும் கால வரம்புகளையும் உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் நடைமுறை விதிகளில் எழுதுவது நல்லது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019 விதிகளைத் தினமும் கையாளுகிற மாஜிஸ்திரேட்டுக்கு இன்னொரு படிவம் சேர்வது பெரிய விஷயமில்லை. சுற்றறிக்கை இன்று இருக்கும், அதிகாரி மாறினால் நாளை மாறும்.

படி 2: வாசலில் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இங்கிலாந்தின் 1976-ஆம் ஆண்டு ஜாமீன் சட்டத்தில் பிற்காலத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு மின்னணுக் கண்காணிப்பு விதிக்க வேண்டுமானால், அது இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு ஜாமீனே கிடைத்திருக்காது என்று நீதிமன்றம் முதலில் திருப்தியடைய வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரி பெரும்பாலானவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். சாதாரணமாக ஜாமீனில் போகக் கூடியவர் சாதாரணமாகவே போவார்.

நம்மூரில் இந்த வரி ஏன் அவசியம் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு அறிக்கைகளே சாட்சி. சட்ட ஆணையம், கொடிய குற்றம் செய்து முன்பே தண்டனை பெற்றவருக்கு மட்டும் என்கிறது. 2024 அறிக்கையோ, ஆபத்துக் குறைந்த, நன்னடத்தையுள்ள விசாரணைக் கைதிகளிடம் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. இரண்டாவது பாதை மென்மையாகத் தெரிகிறது, எனக்கு அதில்தான் பயம். ஆபத்துக் குறைந்தவருக்குப் பட்டை எதற்கு? அவர் சொந்தப் பிணையில் போக வேண்டியவர். வசதி இருக்கிறது என்பதற்காகப் பட்டையை மாட்டினால் சிறையில் ஒரு தலையும் குறையாது, வெளியே கண்காணிப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும். பட்டை ஏற்கெனவே பழகிப்போன நாடுகளில் இதுதான் பெரிய புகார்.

எனவே விதியில் யார் யாருக்குப் பட்டை கிடையாது என்பதை முதலில் எழுதுங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் கிடையாது, அங்கே ஜாமீன் உரிமை. பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவின்படி உச்சபட்சத் தண்டனையில் பாதியை, முதல்முறை சிக்கியவரானால் மூன்றில் ஒரு பங்கை, உள்ளேயே கழித்து வெளியே வருகிறவருக்கும் கிடையாது. அவர் சட்டம் கொடுத்த கணக்கில் வருகிறார். சிறார்களுக்குக் கிடையாது. கர்ப்பிணிகள், காலில் ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகள், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டிய நோயாளிகள் ஆகியோருக்கு மருத்துவர் சரி என்று எழுதித் தராமல் மாட்டக் கூடாது.

இன்னொரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஜாமீன்தாரர் கிடைக்காதவர்கள். 1978-இல் மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கிழித்துத் தொங்கவிட்டார். இன்று அதே கொத்தனாரிடம் "ஜாமீன்தாரர் இல்லையா, பரவாயில்லை, பட்டை போட்டுக்கொள்" என்றால் என்ன ஆகும்? காசுள்ளவன் இரண்டு ஜாமீன்தாரரைக் கூட்டிவந்து கையை வீசிக்கொண்டு போவான், இல்லாதவன் காலில் கருவியோடு போவான். ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. வறுமைக்கு மருந்து அங்கே இருக்கிறது.

அப்படியானால் யாருக்குத்தான்? பட்டைக்கு உண்மையான வேலை இருக்கும் இடம், ஆபத்து ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு இருக்கும்போதுதான் என்பது என் அபிப்பிராயம். மனைவியை வெட்ட அரிவாளோடு போனவர், ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தவர், சாட்சியை வீட்டுக்கே போய் மிரட்டியவர். அவர் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அந்தப் பெண்ணின் கையில் உள்ள கருவி ஒலிக்கும் என்றால் அதில் பொருள் இருக்கிறது. ஸ்பெயின் 2009 முதல் குடும்ப வன்முறை வழக்குகளில் இந்த மாதிரி ஓர் ஏற்பாட்டை நடத்துகிறது. அங்கே அளக்கப்படுவது இருவருக்கும் நடுவில் உள்ள தூரம். அவர் டீக்கடைக்குப் போனாரா, கோயிலுக்குப் போனாரா என்பது யாருக்கும் தேவையில்லை.

படி 3: எந்தக் கருவி, அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்

விதியில் 'மின்னணுக் கருவி' என்று பொதுவாக எழுதிவிட்டால் எதை வேண்டுமானாலும் மாட்டுவார்கள். மூன்று வகை இருக்கிறது. முதலாவது ரேடியோ அலைப் பட்டை. வீட்டில் ஒரு பெட்டி, காலில் ஒரு பட்டை. ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும், வெளியே போனால் எங்கே என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது ஜிபிஎஸ் பட்டை. செயற்கைக்கோளிலிருந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டு, செல்போன் டவர் வழியாக மையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்றாவது செல்போன் செயலி. கேட்கும்போது முகத்தைக் காட்ட வேண்டும், இடத்தை அனுப்ப வேண்டும்.

ஃபிராங்க் வைடஸ் தீர்ப்பு நேராக மோதுவது இரண்டாவது வகையோடுதான். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் முதல் வகை 'ஒவ்வொரு அசைவையும்' தொடரவில்லை என்று வாதிடவாவது இடம் இருக்கிறது. எனவே குறைவாக அறியும் கருவியிலிருந்து தொடங்கி, அது போதாது என்று காரணம் எழுதினால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று விதியில் ஏணி போல வைக்க வேண்டும்.

ஜிபிஎஸ் பட்டையோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம். போனைப் போல மேஜையில் வைத்துவிட்டுப் போக முடியாது, அது காலில் இருக்கிறது. பல கருவிகளுக்கு ஆளே சுவரோரம் பிளக் பக்கத்தில் ஒயரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில், இருக்கிற ஒரே பிளக்கில் குடும்பத்தில் எல்லாருடைய போனும் மிக்ஸியும் காத்திருக்கும்போது, இரண்டு மணி நேரம். மின்வெட்டு வந்தால்? தகரக் கூரைக்கு அடியிலும், கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் சிக்னல் தடுமாறும். திரையில் புள்ளி இரண்டு தெரு தள்ளிக் குதிக்கும். ஆள் பாயில் படுத்திருப்பார், திரை அவரைத் தடை செய்த பகுதிக்குள் நிற்கவைத்திருக்கும். லுங்கியோ வேட்டியோ கட்டுகிறவருக்கு மறைக்கவும் இடமில்லை. தீர்ப்பு வருமுன்பே தெரு தீர்ப்பெழுதிவிடும்.

செயலியில் பட்டை தெரியாது, உண்மைதான். ஆனால் நல்ல போனும் டேட்டா பேக்கும் வேண்டும். சாரத்தின் மேல் கலவைக் கையோடு நிற்கிறவர் போன் அடித்த உடனே முகத்தைக் காட்ட வேண்டும். போனுக்குள் உட்கார்ந்த செயலி இருப்பிடத்தை மட்டும்தான் எடுக்கிறதா, தொடர்பு எண்களையும் படங்களையும் தொடுகிறதா என்பதை நீதிமன்றம் நியமிக்கும் ஒரு நிபுணர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஒலி கேட்கும் வசதி எந்தக் கருவியிலும் கூடவே கூடாது. வக்கீலோடு பேசுவதையும் அது கேட்கும்.

படி 4: உத்தரவின் வாசகத்தை விதியிலேயே எழுதிக்கொடுங்கள்

'மறு உத்தரவு வரும் வரை' என்ற நாலு சொல்லால் எத்தனை குடும்பம் அலைந்திருக்கிறது! பட்டைக்கு அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தவே கூடாது என்று விதி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் முறையை ஒழித்தது. அந்தச் சட்டத்தில், மின்னணுக் கண்காணிப்பில் வைக்கப்பட்டவருக்கு இதைவிடக் குறைந்த நிபந்தனை போதுமா என்று நீதிமன்றம் 60 நாளுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். வீட்டிலேயே இருக்கச் சொல்லப்பட்டவருக்கும், கடைக்குப் போக, துணி துவைக்க, வேலை தேட என்று வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வெளியே போக நேரம் ஒதுக்கியாக வேண்டும். அரிசி வாங்கப் போனால் அலாரம் அடிக்கும் நிலையை அவர்கள் அனுபவித்துத்தான் இதை எழுதியிருப்பார்கள்.

நான் எழுதினால் மாதிரி உத்தரவு இப்படி இருக்கும்:

"இந்தக் கருவி இல்லாமல் மனுதாரரை ஜாமீனில் விட இயலாது என்பதற்கான காரணங்கள் பின்வருமாறு. கையெழுத்து நிபந்தனை, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, குறிப்பிட்ட பகுதிக்குள் நுழையத் தடை ஆகியவை போதாது என்பதற்கான காரணங்கள் பின்வருமாறு. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை மனுதாரர் தன் வீட்டில் இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் அவருடைய இருப்பிடம் பதிவு செய்யப்படாது. இந்த நிபந்தனை 60-ஆம் நாள் தானாகக் காலாவதியாகும். நீட்டிக்கக் கோரும் மனுவை அரசுத் தரப்பு அதற்கு 7 நாள் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். கருவி அணிந்திருக்கும் வரை காவல் நிலையத்தில் கையெழுத்து நிபந்தனை கிடையாது."

மனு போட்டு அலையும் வேலை யார் தலையில் விழுகிறது என்று கவனித்தீர்களா? வேண்டும் என்பவர் வந்து கேட்கட்டும். கடைசி வரியையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் பட்டையும் இருக்கும், பத்தரை மணிக் கையெழுத்தும் இருக்கும். மாஜிஸ்திரேட் போட்ட நிபந்தனையை மாற்றவோ நீக்கவோ செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பி.என்.எஸ்.எஸ். 483-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது என்பதை உத்தரவின் அடியில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. 'கைதி விரும்பினால்' என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறார்கள். புழல் சிறைக்குள் இருப்பவரிடம் "பட்டையா, உள்ளேயா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? சம்மதக் கையெழுத்து வாங்குங்கள், வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது வாங்குங்கள். ஆனால் படி 2-இல் உள்ள கேள்விக்கு அது மாற்றாகாது.

படி 5: செலவை யார் தலையிலும் கட்டாதீர்கள்

ஒடிசாவில் ஒரு விசாரணைக் கைதிக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது, பட்டைக்குப் பத்துப் பதினைந்தாயிரம்தான் என்று ஒரு கணக்கு அடிக்கடி காட்டப்படுகிறது. கருவியின் விலை அது. திரையின் முன் மூன்று ஷிஃப்டாக உட்காருகிறவர்களின் சம்பளம், அலாரம் அடித்தால் ஓடும் ஜீப், பழுது பார்க்கும் ஆள் எல்லாம் அதில் வந்ததா என்று கேளுங்கள். படி 2-இல் சொன்னபடி வெளியே இருக்க வேண்டியவர்களுக்கே மாட்டினால் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது.

அரசுக்கே கட்டுப்படியாகாதபோது, செலவை அணிகிறவர் தலையில் கட்டும் ஆசை வரும். நம்மூரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பீமா கோரேகான் வழக்கில் எழுத்தாளர் கௌதம் நவ்லகாவை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வீட்டுக் காவலில் வைக்க அனுமதித்தது, காவலுக்கான செலவை அவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2024-இல் புலனாய்வு முகமை நீட்டிய பில் 1.64 கோடி ரூபாய். அந்த ஆண்டு மே மாதம் ஜாமீன் கிடைத்தபோது 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது நீதிமன்றம். நாடறிந்த எழுத்தாளருக்கே இந்தக் கதி என்றால் நம் கொத்தனாருக்கு என்ன பில் வரும்?

விதி ஒரே வரியில் முடியட்டும்: கருவிக்கும், பராமரிப்புக்கும், மின்சாரத்துக்கும், தொலைந்தால் மாற்றுக்கும் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து வைப்புத்தொகையாகக்கூடப் பணம் வாங்கக் கூடாது.

படி 6: சேரும் தகவலுக்குப் பூட்டுப் போடுங்கள்

2020-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். போதைப் பொருள் வழக்கில் ஜாமீனில் போனவருக்கு ஜிபிஎஸ் மாட்டினார்கள். பின்னால் வேறொரு கொள்ளை நடந்தபோது அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் இருந்தார் என்று பட்டைகளின் பதிவில் தேடினார்கள், இவர் அகப்பட்டார். நீதிமன்றம் என்ன சொன்னது? ஜாமீனுக்கு ஜிபிஎஸ் மாட்டுவதே ஒரு சோதனை நடவடிக்கை, இவர் விஷயத்தில் முதலில் மாட்டியதற்கே நியாயமான காரணம் காட்டவில்லை, ஆகவே அதில் கிடைத்த பதிவு செல்லாது என்றது. குற்றவாளி தப்பிக்கிறானே என்று நமக்குப் பதறும். ஆனால் மறுபக்கம் பாருங்கள். பட்டை அணிந்த நூறு பேரும், நகரில் நடக்கும் ஒவ்வொரு திருட்டுக்கும் தினமும் அடையாள அணிவகுப்பில் நிற்பது போலத்தான். அணியாத யாரும் அப்படி நிற்பதில்லை.

2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே கைகொடுக்காது. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க என்றால் அதன் 17-வது பிரிவு விலக்குக் கொடுத்துவிடுகிறது. எனவே பாதுகாப்பை இந்த விதிக்குள்ளேயே எழுதியாக வேண்டும். பதிவுகள் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும், காவல் நிலையத்தின் திரையில் அல்ல. மீறல் நடந்தால் அந்த நேரத்துத் துண்டு மட்டும் காவல்துறைக்குப் போகும். வேறு வழக்குக்கு வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டிடம் தனி உத்தரவு வாங்க வேண்டும். வழக்கு முடிந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் அழிக்க வேண்டும். அதே பதிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவினால், "நான் அங்கே இல்லவே இல்லை" என்று காட்ட உதவினால், கேட்ட உடனே நகல் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63-வது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு, புள்ளி எத்தனை மீட்டர் வரை பிசகலாம் என்ற விவரமும் சேர்ந்து வர வேண்டும். திரையில் உள்ள புள்ளி ரொம்பத் துல்லியமாகத் தெரியும், அதுதான் அதன் ஆபத்து.

படி 7: அலாரத்துக்கும் கைதுக்கும் நடுவில் ஒரு மனிதரை நிறுத்துங்கள்

சென்னை உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளின் கடைசிப் பத்தியைப் படித்திருப்பீர்கள். நிபந்தனையை மீறினால், உச்ச நீதிமன்றத்தின் பி.கே. ஷாஜி தீர்ப்பின்படி, அந்த நிபந்தனையைத் தானே விதித்தது போல மாஜிஸ்திரேட்டோ விசாரணை நீதிமன்றமோ நடவடிக்கை எடுக்கலாம் என்று இருக்கும். கையெழுத்து நோட்டில் நாலு நாள் காலி என்றால் அது மீறல்தான், சந்தேகமில்லை. பட்டையில் அப்படித் தெளிவு கிடையாது. பேட்டரி செத்ததும் ஒரு அலாரம், டவர் இல்லாததும் ஒரு அலாரம், பட்டையை அறுத்ததும் ஒரு அலாரம்.

அதனால் மூன்றாகப் பிரியுங்கள். சார்ஜ், சிக்னல் கோளாறுகளை மீறலாகவே கருதக் கூடாது. கட்டுப்பாட்டு மையம் போன் செய்ய வேண்டும், ஒரு நன்னடத்தை அலுவலர் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவே. நேரம் தவறி வீடு திரும்புவது, வழியில் தடைப் பகுதியை உரசுவது போன்றவற்றுக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ், அடுத்த வாய்தாவில் விசாரணை. பட்டையை அறுப்பது, பாதுகாக்கப்படும் ஆளின் வீட்டை நெருங்குவது, இந்த இரண்டுக்கு மட்டும் உடனடி நடவடிக்கை. அப்போதும் ஜாமீனை ரத்து செய்வது நீதிமன்றம்தான், திரைக்கு முன்னால் இருப்பவர் அல்ல. வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 269-வது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அலாரத்துக்கென்று புதுக் குற்றம் ஒன்றை உருவாக்கத் தேவையில்லை.

படி 8: கழிந்த நாட்களைக் கணக்கில் வையுங்கள்

தண்டனை வந்தால், விசாரணையின்போது உள்ளே இருந்த நாட்களை பி.என்.எஸ்.எஸ். 468-வது பிரிவு கழித்துவிடும். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கட்டுண்டு கிடந்த நாட்களுக்கு? சட்டம் மௌனம். இங்கிலாந்தில், தினமும் குறைந்தது 9 மணி நேரம் பட்டையோடு வீட்டில் அடைபட்டிருந்தால் அந்த நாளை அரை நாளாக எண்ணித் தண்டனையில் கழிக்கிறார்கள். அந்த விகிதத்தையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 9: ஒப்பந்தக்காரரைத் தனியாகக் கவனியுங்கள்

கருவியைத் தனியார்தான் தரப் போகிறார்கள். தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால், தலையும் நாளும் கூடுவதில்தான் அவர்களுக்கு லாபம். இங்கிலாந்தில் 2013-இல் வெடித்த விவகாரம் இதுதான். ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள், சிறைக்குத் திரும்பிப் போனவர்களுக்கும் நாட்டைவிட்டே போனவர்களுக்கும் செத்துப் போனவர்களுக்கும்கூடப் பட்டைக் கட்டணம் வசூலித்தது தெரியவந்தது. ஜி4எஸ் 10 கோடி பவுண்டுக்கு மேலும், செர்கோ 6.85 கோடி பவுண்டும் திருப்பித் தர வேண்டி வந்தது. நம் ஊரில் ஆண்டுக் கணக்குத் தணிக்கைக்குப் போகட்டும். எத்தனை பேருக்கு மாட்டினார்கள், எந்தப் பிரிவு வழக்கு, எத்தனை நாள், எத்தனை பொய் அலாரம் என்ற பட்டியலை உயர் நீதிமன்றம் மாவட்டவாரியாக வெளியிடட்டும். யாருக்கு ஜாமீன், யாருக்குப் பட்டை என்ற முடிவில் நிறுவனத்தின் ஆபத்து மதிப்பெண் எதுவும் நுழையவே கூடாது.

படி 10: கழற்றும் நாளை எழுதி வையுங்கள்

இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஜாமீன் உத்தரவு வந்தும் அது சிறைக்குப் போய்ச் சேராததால் ஆட்கள் உள்ளேயே கிடந்த கதைகள் இங்கே ஏராளம். அதற்காகவே உத்தரவை மின்னணு வழியில் அனுப்ப 2022-இல் உச்ச நீதிமன்றம் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பட்டைக்கும் அதே கதி வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு விடுதலை என்று தீர்ப்பு. பட்டையைத் திறக்கும் கருவி மாவட்டத் தலைநகரில் ஒரு கம்பெனி ஆளிடம். அவர் திங்கட்கிழமைதான் வருவார். அதற்குள் சார்ஜ் தீர்ந்தால் அலாரம் அடிக்கும், நிரபராதி என்று தீர்ப்பு வாங்கியவர் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும்.

ஆகவே கடைசி விதி: தீர்ப்பு, ரத்து, 60-ஆம் நாள் காலாவதி, எதுவானாலும் கழற்றும் கருவி ஒன்று அந்த நீதிமன்றத்தின் தலைமை எழுத்தரிடம் இருக்க வேண்டும். அன்றே, ஆள் கட்டடத்தைவிட்டு வெளியே போகும் முன், கழற்ற வேண்டும். கழற்றிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதி இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும்: ஒன்று எழுத்தருடையது, இன்னொன்று காலை நீட்டியவருடையது.